மேலே போனதும் கையில் கிடைத்ததும்: தொடக்ககால ஆய்வு ராக்கெட்டுகள்

நிலத்திலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. உயரம்வரை பலூன்கள் கருவிகளைச் சுமந்து செல்லும். செயற்கைக்கோள் ஒன்று நிலைத்துச் சுற்றிவர வேண்டுமானால் 150 கி.மீ.க்கு மேலாவது இருந்தாக வேண்டும். அதற்குக் கீழே வந்தால், மெல்லிய காற்றேயானாலும் அது செயற்கைக்கோளை விரைவில் இழுத்து வீழ்த்திவிடும். இவ்விரண்டு எல்லைகளுக்கும் நடுவில் உள்ள பகுதியில்தான் எரிகற்கள் எரிந்து தீர்கின்றன. துருவ ஒளியின் கீழ்விளிம்பு படர்கிறது. சூரியனிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களும் குறுகிய அலைநீளப் புற ஊதாக் கதிர்களும் தடுத்து நிறுத்தப்படுகின்றன. அந்தத் தடுப்பின் விளைவாகவே அயனிமண்டலம் என்ற மின்னூட்டம் பெற்ற அடுக்கு உருவாகிறது. அங்கே ஒரு கருவியை நேரில் அனுப்பி அளக்க வேண்டுமென்றால், நேர்குத்தாக மேலேறி, சில நிமிடங்கள் அந்த உயரத்தில் இருந்து, மீண்டும் கீழே விழும் ராக்கெட்டைத் தவிர வேறு வழி இல்லை. இன்றைக்கும் இல்லை.

விண்வெளி வரலாறு தமிழில் எழுதப்படும்போது பெரும்பாலும் 1957-இல் ஸ்புட்னிக்கோடு தொடங்கி, 1969-இல் நிலவில் இறங்கி, பிறகு நேராக நம் நாட்டுச் செயற்கைக்கோள்களுக்கு வந்துவிடுகிறது. அதற்கு முந்தைய பத்தாண்டில், நியூ மெக்சிகோ பாலைவனத்திலும் நடுக்கடலில் நின்ற கப்பல்களிலும் சிறு சிறு குழுக்கள் செய்த வேலை ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். அந்த வரிகளிலும் எந்த ராக்கெட் எவ்வளவு உயரம் போனது என்பதே இருக்கும். அந்தக் காலத்தைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு உறுதிப்பட்டுவரும் எண்ணம் வேறு. உயரம் அவர்களுக்கு 1946-லேயே கைவந்துவிட்டது. அவர்கள் உண்மையில் போராடியது, அந்த உயரத்தில் கருவி கண்டதைச் சிதையாமல் மனிதர் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்காக.

ராக்கெட் வருவதற்கு முன்பும் மேல்வளிமண்டலத்தைப் பற்றிச் சில செய்திகள் தெரிந்திருந்தன. அவை எல்லாம் கீழே இருந்தபடியே ஊகித்து அறிந்தவை. 1923-இல் லிண்டெமன், டாப்சன் என்ற இருவர், எரிகற்கள் எந்த உயரத்தில் ஒளிர்ந்து மறைகின்றன என்ற பதிவுகளை வைத்துக் கணக்கிட்டு, சுமார் 50 கி.மீ. உயரத்தில் காற்று எதிர்பார்த்ததைவிட வெப்பமாக இருக்க வேண்டும் என்றார்கள். பெரிய வெடிப்புகளின் ஓசையும் அதையே சொன்னது: வெடித்த இடத்தைச் சுற்றிக் கேட்கும் ஓசை, சற்றுத் தொலைவில் ஒரு வளையப் பகுதியில் கேட்பதே இல்லை, அதையும் தாண்டிய ஊர்களில் மறுபடி கேட்கிறது. மேலே இருக்கும் வெப்பமான அடுக்கு ஒலியை வளைத்துக் கீழே திருப்பினால்தான் இப்படி நடக்கும். 1924-இல் ஆப்பிள்டன் வானொலி அலைகளைக் கொண்டு அயனிமண்டலத்தின் இருப்பை மெய்ப்பித்தார். 1885 முதல், கோடைக்கால நள்ளிரவுகளில் வட ஐரோப்பிய வானில் சுமார் 82 கி.மீ. உயரத்தில் வெள்ளி நிறத்தில் ஒளிரும் மேகங்களும் கவனிக்கப்பட்டுவந்தன. இத்தனை தடயங்கள் இருந்தும், அந்த உயரத்தின் காற்றழுத்தம் இவ்வளவு, வெப்பநிலை இவ்வளவு என்று எவரும் கருவி வைத்து அளந்ததில்லை.

ராபர்ட் கோடார்டு 1929-இல் தன் சிறு ராக்கெட்டில் ஒரு அழுத்தமானியையும் வெப்பமானியையும் படக்கருவியையும் வைத்து ஏவினார். அறிவியல் கருவி சுமந்த முதல் திரவ எரிபொருள் ராக்கெட் அது. ஆனால் அவருடைய ராக்கெட்டுகள் எவையும் மூன்று கி.மீ. உயரத்தைக்கூட எட்டவில்லை. 1945 அக்டோபரில் ஃபிராங்க் மலினாவின் குழு ஏவிய வாக் கார்ப்போரல் என்ற ராக்கெட் சுமார் 70 கி.மீ. உயரம் சென்றது. அதில் ஏற்றக்கூடிய கருவிகளின் எடை பத்துக் கிலோவைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

எனவே முதல் பெரிய வாய்ப்பு வி-2 ராக்கெட்டின் வடிவில் வந்தது. இதை எழுதும்போது அந்த ராக்கெட் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியாது. லண்டன் மீதும் ஆண்ட்வெர்ப் மீதும் வீசுவதற்காக நாஜி ஜெர்மனி உருவாக்கிய ஆயுதம் அது. அதை உற்பத்தி செய்த சுரங்கத் தொழிற்சாலையில் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகள் அடிமைகளாக உழைத்தார்கள். அந்த முகாம் அமைப்புக்குள் கொண்டுவரப்பட்ட சுமார் 60,000 பேரில் ஏறத்தாழ 20,000 பேர் உயிரோடு வெளியே வரவில்லை. பின்னாளில் சூரியனின் நிறமாலையையும் பூமியின் வளைவையும் படம் பிடித்த ராக்கெட்டுகளின் உதிரிபாகங்கள் அந்தக் கைகளால் பொருத்தப்பட்டவை. இந்த உண்மை அந்த அளவீடுகளைப் பொய்யாக்கிவிடாது. ஆனாலும் மேல்வளிமண்டல அறிவியலின் தொடக்கத்தை எழுதுகிறவர்கள் அதைத் தவறாமல் குறிப்பிட வேண்டும் என்று நான் கருதுகிறேன்.

இயற்பியலாளர் எரிக் ரெகனரும் இந்தக் கதையில் இடம்பெற வேண்டியவர். மனைவி யூத வம்சாவளியைச் சேர்ந்தவர் என்பதால் நாஜி ஆட்சியில் பேராசிரியர் பதவியை இழந்த அவர், போர்க்காலத்தில் வி-2 ராக்கெட்டின் முனையில் பொருத்துவதற்காக ஒரு கருவிக்கலத்தை வடிவமைத்தார். அதில் புற ஊதா நிறமாலைமானியும் (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்துப் பதியும் கருவி) அழுத்தமானியும் இருந்தன. கலம் பாராசூட்டில் திரும்பி இறங்குவதற்கும் அவர் திட்டமிட்டிருந்தார். அது பறக்கவே இல்லை. மேலே அனுப்புவதற்கு முன்பே மீட்பதைப் பற்றி அவர் யோசித்திருந்தார் என்பது, பிறகு அமெரிக்காவில் நடந்தவற்றைப் படிக்கும்போதுதான் எவ்வளவு தொலைநோக்கு என்று விளங்குகிறது.

போர் முடிந்ததும் ஏறத்தாழ 100 வி-2 ராக்கெட்டுகளுக்குப் போதுமான உதிரிபாகங்கள் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுதளத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ராணுவத்துக்கு ராக்கெட்டை ஏவிப் பழக வேண்டியிருந்தது. முனையில் ஒரு டன் வெடிமருந்துக்காக விடப்பட்டிருந்த இடத்தை வெறுமனே நிரப்பி அனுப்புவதற்குப் பதிலாக அறிவியல் கருவிகளை வைக்கலாம் என்ற அழைப்பு ஆய்வாளர்களுக்கு வந்தது. 1946 தொடக்கத்தில் கடற்படை ஆய்வுக்கூடம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடம், ஹார்வர்டு, பிரின்ஸ்டன், மிச்சிகன் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றைச் சேர்ந்தவர்கள் கூடி, எந்த ராக்கெட்டில் யாருடைய கருவி செல்வது என்பதைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள ஒரு குழு அமைத்தார்கள். முதலில் எர்ன்ஸ்ட் கிராஸ், பிறகு ஜேம்ஸ் வான் ஆலன் அதன் தலைவராக இருந்தார்கள். முறையான அதிகாரம் எதுவும் இல்லாத அந்தக் குழு, ஒரு தலைமுறைக்குரிய ஆய்வுத் திட்டத்தையே நடத்திக் காட்டியது. கருவியைக் கட்டியவர்களே இடத்தையும் முறையையும் பங்கிட்டுக்கொண்டதுதான் அதன் பலம்.

1946 ஏப்ரலில் ஏவப்பட்ட முதல் வி-2 தொடக்கத்திலேயே தடுமாறிக் கைவிடப்பட்டது. மே 10-ஆம் நாள் ஏவப்பட்டது 110 கி.மீ.க்கு மேல் சென்றது. ஜூன் 28-ஆம் நாள் கடற்படை ஆய்வுக்கூடத்தின் நிறமாலைமானி முதன்முறையாகப் பறந்தது. ராக்கெட் 100 கி.மீ.க்கு மேல் ஏறியது. ஏவுதலில் ஒரு குறையும் இல்லை. பிறகு அது தன் கூர்முனையைக் கீழ்நோக்கித் திருப்பி, ஒலியைவிடப் பல மடங்கு வேகத்தில் வந்து பாலைவன மணலுக்குள் புதைந்தது. பெரும் பள்ளம் ஒன்று மட்டும் மிஞ்சியது. ஆய்வாளர்கள் அந்தப் பள்ளத்தைத் தோண்டினார்கள். தேடிய படச்சுருள் கிடைக்கவில்லை. காற்றைக் கிழித்துச் செல்வதற்கென்றே வடிவமைக்கப்பட்ட உடல், மேலேறும்போது எவ்வளவு உதவியதோ, விழும்போது அவ்வளவு கெடுதலாக அமைந்துவிட்டது.

தீர்வை அந்த வடிவத்திலேயே தேடினார்கள். கீழிறங்கும் வழியில், காற்று அடர்த்தியாவதற்கு முன்பு, முனைக்கூம்பை வெடிவைத்து உடலிலிருந்து பிரித்துவிட்டால், மிஞ்சும் உடல் சமநிலை இழந்து குட்டிக்கரணம் அடித்தபடி இறங்கும். காற்றின் தடை அதன் வேகத்தைப் பெரிதும் குறைத்துவிடும். தரையில் மோதுவதென்னவோ பலமாகத்தான் மோதும். ஆனால் உறுதியான எஃகுப் பெட்டிக்குள் சுருட்டி வைத்த படச்சுருள் தப்பிவிடும். நிறமாலைமானியை முனையில் வைக்காமல் வால்பகுதியில், நிலைப்படுத்தும் துடுப்பு ஒன்றுக்குள் பொருத்தினார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. எரிபொருள் தீர்ந்தபின் ராக்கெட் தன்னிஷ்டத்துக்குச் சுழலும் என்பதால் கருவியைச் சூரியனை நோக்கி நிறுத்திவைக்க வழியில்லை. கடற்படை ஆய்வுக்கூடத்தின் ரிச்சர்ட் டௌசியும் அவருடைய கூட்டாளிகளும், வழக்கமான குறுகிய துளைப்பிளவுக்குப் பதிலாக, லித்தியம் ஃப்ளோரைடால் ஆன சின்னஞ்சிறு மணிகளை வைத்தார்கள். சூரியன் எந்தத் திசையில் இருந்தாலும், ஓரளவு அகலமான கோணத்துக்குள், அந்த மணி அதன் ஒளியைத் திரட்டி உள்ளே அனுப்பிவிடும்.

1946 அக்டோபர் 10-ஆம் நாள் இந்த ஏற்பாடு பலித்தது. பாலைவனத்தில் கிடந்த சிதைவுகளிலிருந்து படச்சுருள் முழுதாகக் கிடைத்தது. தரையில் நின்று பார்த்தால் சூரிய நிறமாலை 290 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அருகே வெட்டுப்பட்டதுபோல் முடிந்துவிடும். அதற்குக் கீழுள்ளதை ஓசோன் விழுங்கிவிடுகிறது. மீட்கப்பட்ட படத்திலோ, ராக்கெட் ஏற ஏற நிறமாலை குறுகிய அலைநீளங்களை நோக்கிப் படிப்படியாக நீண்டுகொண்டே போவது வரிசையாகப் பதிந்திருந்தது. 55 கி.மீ. உயரத்தை எட்டியபோது ஓசோன் அடுக்கு ஏறக்குறைய முழுவதும் கீழே தங்கிவிட்டது. சூரியனின் புற ஊதா முகம் அதுவரை எவரும் காணாத அளவுக்கு வெளிப்பட்டது. ஒரே படச்சுருளில் இரண்டு அறிவியல்கள் இருந்தன. சூரியனை ஆராய்பவருக்கு அது புதிய நிறமாலை. வளிமண்டலத்தை ஆராய்பவருக்கோ, ஒவ்வொரு உயரத்துக்கும் நிறமாலை எங்கே வெட்டுப்படுகிறது என்பதிலிருந்து அதற்கு மேல் எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிட முடிந்தது. ஆய்வு ராக்கெட் வரலாற்றில் ஒரே ஒரு பறத்தலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அதே மாதம் 24-ஆம் நாள் இன்னொரு வி-2 சுமார் 105 கி.மீ. உயரத்திலிருந்து பூமியின் வளைந்த விளிம்பைப் படம் பிடித்தது. அந்தப் படச்சுருளும் எஃகுப் பெட்டியில்தான் தப்பியது. 1947 பிப்ரவரியில் பழ ஈக்கள் விண்ணுக்குச் சென்று பாராசூட்டில் உயிரோடு திரும்பின. அதே ஆண்டு மே மாதத்தில் வழிதவறிய ஒரு ராக்கெட் எல்லை தாண்டி மெக்சிகோவின் ஹுவாரெஸ் நகருக்கு அருகே விழுந்து, நல்வேளையாக எவர் உயிரையும் பறிக்கவில்லை. இவை பலரும் அறிந்தவை.

மீட்பதைப் போலவே முக்கியமான இன்னொரு வழி, பறக்கும்போதே அளவுகளை வானொலி மூலம் தரைக்கு அனுப்பிவிடுவது. டெலிமெட்ரி எனப்படும் இந்த முறையில், ராக்கெட் எந்தப் பள்ளத்தில் புதைந்தாலும் எண்கள் ஏற்கெனவே தரையில் பதிவாகியிருக்கும். 1949 செப்டம்பரில் அதே கடற்படை ஆய்வுக்கூடத்தின் ஹெர்பர்ட் ஃப்ரீட்மன் தன் கதிர் எண்ணிகளை இம்முறையில்தான் அனுப்பினார். நகர்த்தாமல் வைத்த படச்சுருள், வந்த கதிர்களின் மொத்தத்தை மட்டுமே சொல்லும். எண்ணிகளோ எந்த உயரத்தில் எந்த அலைநீளம் எட்டுகிறது என்று நொடிக்கு நொடி சொன்னன. ராக்கெட் சுமார் 90 கி.மீ. உயரத்தை நெருங்கியபோது சூரியனின் எக்ஸ் கதிர்கள் எண்ணியில் பதியத் தொடங்கின. அயனிமண்டலத்தின் ஈ (E) எனப்படும் அடுக்கை உருவாக்குவதில் இந்த எக்ஸ் கதிர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அதன்பின் ஊகமாக இருக்கவில்லை.

ஆயினும் வி-2 இந்த வேலைக்கு ஏற்ற வண்டி அன்று. பன்னிரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடையைத் தரையிலிருந்து கிளப்ப வேண்டும். கருவிகள் போதாமல் போனால் முனையில் ஈயக்கட்டிகளை வைத்து எடையைச் சரிக்கட்ட வேண்டும். ராக்கெட்டின் உடலுக்குள் சிக்கியிருந்த காற்றும் ஆவிகளும் மேலே போனபின் கசிந்து, அழுத்தமானி காட்டும் அளவையே கெடுத்துவிடும். கையிருப்பும் ஒருநாள் தீர்ந்துவிடும். ஆய்வுக்கென்றே ஒரு ராக்கெட் வேண்டும் என்று வான் ஆலன் வற்புறுத்தியதன் பயனாக ஏரோபீ உருவானது. 38 செ.மீ. விட்டமுள்ள மெலிந்த உடல். இரண்டரை நொடி எரியும் ஒரு திண்ம உந்தி. பிறகு முக்கால் நிமிடம் எரியும் திரவ எந்திரம். வழிகாட்டும் கருவி எதுவும் இல்லை. 40 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஏவுகோபுரத்தின் தண்டவாளங்களில் ஓடி வேகம் பெற்று, அதன்பின் துடுப்புகளை மட்டுமே நம்பி ஏறும். காற்றின் வேகத்தைக் கணக்கிட்டுக் கோபுரத்தையே சற்றுச் சாய்த்துவைப்பார்கள். சுமார் 70 கிலோ கருவிகளை 110 கி.மீ.க்கு மேல் கொண்டுசெல்ல அது போதுமானதாக இருந்தது. 1947-இல் தொடங்கிய அதன் வழித்தோன்றல்கள் 1985 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பறந்தன. பெருமைக்குரிய பெரிய ராக்கெட்டுகள் அருங்காட்சியகங்களில் இடம் பிடித்துவிட்டன. மேல்வளிமண்டலத்தின் பாடநூல் எண்களில் பெரும்பகுதியைக் கொண்டுவந்து கொடுத்தவை இதுபோன்ற எளிய, மலிவான, அடிக்கடி ஏவக்கூடிய ராக்கெட்டுகளே.

அளக்கும் முறைகளும் அப்படியே எளிமையை நோக்கி நகர்ந்தன. எனக்கு மிகவும் பிடித்தது கையெறிகுண்டு முறை. ராக்கெட் ஏறும் வழியில் குறிப்பிட்ட உயரங்களில் சிறு குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளி வெடிக்கச் செய்வார்கள். தரையில் பரப்பி வைத்த ஒலிவாங்கிகள் ஒவ்வொரு வெடிப்பின் ஓசையும் எந்த நொடியில், எந்தத் திசையிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளும். ஒலியின் வேகம் காற்றின் வெப்பநிலையைப் பொறுத்தது. வந்த திசை விலகியிருந்தால் அது காற்று வீசியதன் அடையாளம். அடுத்தடுத்த இரண்டு வெடிப்புகளை ஒப்பிட்டால் இடைப்பட்ட அடுக்கின் வெப்பநிலையும் காற்றோட்டமும் கிடைத்துவிடும். மேலே செல்லும் பொருளில் நுட்பமான வெப்பமானி எதுவும் வேண்டியதில்லை. மீட்க வேண்டியதும் எதுவும் இல்லை. சுமார் 50 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை நீரின் உறைநிலைக்கு அருகே ஏறுவதும், 80 கி.மீ. அளவில் கடுங்குளிராக இறங்குவதும் இப்படிப்பட்ட அளவீடுகளால் உறுதியாயின. 1957-58-இன் பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் கனடாவின் ஃபோர்ட் சர்ச்சில் தளத்திலிருந்து இதே முறையில் அளந்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது: 80 கி.மீ. உயரத்தில், ஆர்க்டிக் பகுதியின் குளிர்காலக் காற்று அதன் கோடைக்காலக் காற்றைவிட வெப்பமாக இருந்தது. கோடையில் மட்டும் தோன்றும் அந்த நள்ளிரவு மேகங்களுக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது. சூரியன் மறையாத கோடைக்காலத்தில்தான் அந்த உயரம் மிகவும் குளிர்கிறது.

ஏரோபீகூடச் சில இடங்களுக்குப் பெரிதாக இருந்தது. துருவப் பகுதிகளில் கதிர்வீச்சை அளக்க விரும்பிய வான் ஆலன், சிறிய டீக்கன் ராக்கெட்டைப் பலூனில் கட்டி, அடர்ந்த காற்றைக் கடந்தபின் பற்றவைக்கும் முறையைக் கையாண்டார். 1952 கோடையில் கிரீன்லாந்துக்கு அருகே, கடலோரக் காவல் கப்பலான ஈஸ்ட்விண்டின் தளத்திலிருந்து முதல் பலூன்கள் எழுந்தன. தொடக்கத்தில் ராக்கெட்டுகள் பற்றவே இல்லை. மேலே நிலவும் குளிரில் பற்றவைக்கும் கருவி உறைந்துவிடுகிறது என்று ஊகித்த வான் ஆலன், பழச்சாறு டின்களைச் சூடாக்கி, கருவிப்பெட்டிக்குள் வைத்துக் காப்புறை சுற்றி அனுப்பினார். அடுத்த ராக்கெட் பற்றியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் இதே முறையில் ஏவியபோது, துருவ ஒளி தோன்றும் வட்டாரத்தில் மட்டும் கதிர்வீச்சு மிகையாக இருப்பது பதிவானது. 1958-இல் எக்ஸ்ப்ளோரர் செயற்கைக்கோள்களின் பதிவுகளிலிருந்து பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சு வளையங்களை இனங்கண்டபோது அவருக்குக் கைகொடுத்தது இந்த அனுபவம்.

ஃப்ரீட்மனும் இதே பலூன் முறையை 1956-இல் சூரிய வெடிப்பை அளக்கப் பயன்படுத்தினார். மத்திய அலை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஆய்வின் அருமை எளிதில் புரியும். எங்கள் வீட்டில் பகலில் இரைச்சலாக மட்டுமே கிடைத்த தொலைதூர நிலையங்கள், பொழுது சாய்ந்ததும் அடுத்த தெருவில் பேசுவதுபோல வந்து விழும். பகலில் 60 முதல் 90 கி.மீ. வரையில் உருவாகும் டி (D) என்ற அயனிமண்டல அடுக்கு அலைகளை உறிஞ்சிவிடுவதும், இரவில் அந்த அடுக்கு மறைந்துபோவதுமே அதற்குக் காரணம். சூரியனில் பெருவெடிப்பு நிகழும்போது இதே அடுக்கு திடீரென வலுத்து, பூமியின் பகல்பக்கத்தில் சிற்றலை ஒலிபரப்பு முழுவதையும் சில நிமிடங்களில் அடைத்துவிடும். இதற்கு எந்தக் கதிர் காரணம் என்பதே கேள்வி. கலிபோர்னியாவுக்கு அப்பால் கடலில் கப்பலிலிருந்து பலூனில் ராக்கெட்டை ஏற்றி மிதக்கவிட்டு, வெடிப்பு தொடங்கிய செய்தி வந்ததும் கட்டளை அனுப்பி ஏவினார்கள். அதில் ஒன்று எக்ஸ் கதிர்களை வலுவாகப் பதிவு செய்தது. அடுத்த ஆண்டு தரையிலிருந்து ஏவிய ராக்கெட்டுகள் அதை உறுதி செய்தன.

நம் மண்ணோடு தொடர்புடைய ஒரு கேள்வியும் இந்தக் காலத்தில்தான் விடை பெற்றது. காந்த நடுக்கோட்டை (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகக் கிடக்கும் கோட்டை) ஒட்டிய இடங்களில் நண்பகலில் பூமியின் காந்தப்புலம் மிகையாக ஏறி இறங்குவதை, பெரு நாட்டின் ஹுவாங்காயோ ஆய்வகம் நெடுங்காலமாகப் பதிவு செய்துவந்தது. வானில் எங்கோ ஒரு மின்னோட்டம் பாய வேண்டும். எந்த உயரத்தில் என்று தரையிலிருந்து சொல்ல முடியாது. 1949 மார்ச்சில் நார்ட்டன் சவுண்ட் என்ற கப்பல், தளத்தில் ஏவுகோபுரத்தோடு, பெரு கடற்கரைக்கு அப்பால் காந்த நடுக்கோட்டுக்கு வந்து நின்றது. அங்கிருந்து ஏவிய ஏரோபீயில் இருந்த காந்தமானி, சுமார் 93 முதல் 105 கி.மீ. வரையிலான அடுக்கைக் கடக்கும்போது புலத்தில் ஒரு மாற்றத்தைக் காட்டியது. ராக்கெட் மின்னோட்டத்தின் ஊடாகவே சென்றிருந்தது.

அதே காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் மேலும் செல்கிறது. விக்ரம் சாராபாய் திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலையில் அங்கிருந்து முதலில் பறந்த நைக்கி-அப்பாச்சி, ராக்கெட்டைப் பொருத்தும் பணியில் ராமேசுவரத்து அப்துல் கலாமின் பங்கோடு, சோடியம் ஆவியை வானில் பரப்பியது. கதிரவன் மறைந்தபின் தரை இருண்டிருக்க, மேலே மட்டும் வெயில் பட்டு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்த அந்த மேகம் கேரளத்திலும் தென்தமிழகத்திலும் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அது எப்படி இழுபட்டுச் சிதைகிறது என்று படமெடுத்து மேல்வளிமண்டலக் காற்றின் வேகத்தைக் கணக்கிடலாம். இரண்டு மாதங்களில், 1964 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தின் லாரன்ஸ் கேஹிலின் காந்தமானிகள் தும்பாவிலிருந்து பறந்து, பெருவுக்கு அப்பால் ஏரோபீ கண்ட அதே மின்னோட்டத்தை இந்தியாவின் மேலும் அளந்தன.